ஈழத்துக்காகச் சென்னையில் மேடை போடுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஈழத் தமிழர் உரிமைக்காகச் சென்னையில் கூட்டங்களும் போராட்டங்களும் நடத்திவரும் கட்சிகள், இயக்கங்கள், மாணவர் அமைப்புகள் ஆகியவற்றின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

மே மாதம் பிறந்தால் சென்னையில் முள்ளிவாய்க்கால் நினைவேந்தல் ஏதாவது ஓரிடத்தில் நடந்துகொண்டுதான் இருக்கிறது. சுவரொட்டி ஒட்ட இடம் கிடைக்காத ஆண்டிலும், காவல்துறை அனுமதி மறுத்த ஆண்டிலும் நீங்கள் விட்டுவிடவில்லை. பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் கடந்தும் இந்த ஊர் அந்தப் படுகொலையை மறக்கவில்லை என்றால் அதற்கு உங்கள் பிடிவாதம் ஒரு முக்கியமான காரணம். அதை மதிப்பதால்தான் இந்த மடலை எழுதுகிறேன். நான் உயர் நீதிமன்றத்தில் வழக்காடுகிறவள். உங்கள் கூட்டங்களுக்குப் பல ஆண்டுகளாக வந்து பின்வரிசையில் உட்கார்ந்து கேட்கிறவள்.

அண்மையில் ஒரு கூட்டத்துக்காக வைத்திருந்த பிளக்ஸ் பலகையைச் சற்று நேரம் நின்று பார்த்தேன். மேல்வரிசை முழுவதும் பேச்சாளர்கள், எல்லோரும் ஆண்கள், ஒவ்வொருவர் படத்துக்குக் கீழும் பெயரும் பொறுப்பும் இருந்தன. பலகையின் கீழ்ப்பாதியை ஒரு தாயின் படம் நிறைத்திருந்தது. மகனின் புகைப்படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாய்விட்டு அழுகிற தாய். அவருக்குப் பெயர் இல்லை, ஊர் இல்லை. ஓரத்தில் பலகையை அச்சிட்ட கடையின் கைபேசி எண் கூட இருந்தது. உள்ளே போனால், வரவேற்புரை ஒரு பெண், நன்றியுரை இன்னொரு பெண். நன்றியுரை தொடங்கியபோது கூட்டத்தில் பாதிப்பேர் கடைசிப் பேருந்தைப் பிடிக்க எழுந்துவிட்டார்கள். இது ஒரு கூட்டத்தின் குறை என்றால் நான் பேனாவை எடுத்திருக்க மாட்டேன். ஈழத்துப் பெண் நம் மேடைகளில் எந்த இடத்தில் இருக்கிறார் என்பதை அந்தப் பலகை உள்ளபடி காட்டிவிட்டது. நாம் அவரைத் துயரத்துக்குச் சான்றாக அழைத்து வருகிறோம். அவர் என்ன கேட்கிறார் என்பதைக் கேட்பதில்லை.

அந்தத் தாய் அழுவதை மட்டும் செய்துகொண்டிருக்கவில்லை. 2017 பிப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்றலில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர்கள் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். சில நாட்களில் வவுனியாவிலும், அடுத்த மாதம் முல்லைத்தீவிலும் கொட்டகைகள் எழுந்தன. அமர்ந்தவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். போரின் கடைசி நாட்களில் வட்டுவாகல் பாலத்தைக் கடந்து வந்து, 'விசாரித்துவிட்டு விட்டுவிடுவோம்' என்ற பேச்சை நம்பித் தங்கள் கணவரையும் பிள்ளைகளையும் இராணுவத்திடம் தங்கள் கையாலேயே ஒப்படைத்தவர்களும் அவர்களுள் உண்டு. அதே ஆண்டு சனவரி இறுதியில் கேப்பாப்புலவைச் சேர்ந்த பிலவுக்குடியிருப்பு மக்கள் விமானப்படை முகாமின் வாசலில், குழந்தைகளோடு பனியிலும் வெயிலிலும் இருந்து, ஒரு மாதத்தில் தங்கள் காணிகளை மீட்டார்கள். அந்தப் போராட்டத்திலும் முன்னால் நின்றவர்கள் பெண்கள்தான். போருக்குப் பிந்தைய இலங்கையில் அரசிடமிருந்து தமிழர்கள் போராடிப் பெற்றவை மிகச் சில. அவற்றில் ஒன்று இது. நம் மேடைகளில் இந்த வெற்றியை யாராவது விரிவாகப் பேசி நான் கேட்டதில்லை. தோல்வியைப் பேசிப் பழகிய நாவுக்கு வெற்றி உடனே வருவதில்லை போலும்.

ஆணைக்குழு மாறி ஆணைக்குழு வரும்போதெல்லாம் சாட்சியம் சொன்னவர்களும் இவர்கள்தான். கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு, பரணகம ஆணைக்குழு, நல்லிணக்கப் பொறிமுறைகளுக்கான கலந்தாலோசனைச் செயலணி என்று ஒவ்வொன்றின் முன்னும் அதே புகைப்படத்தை, அதே தேதியை, அதே வாகனத்தின் நிறத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்கள். 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த காணாமற்போனோர் அலுவலகத்தைப் போராடும் தாய்மார்களில் பலர் ஏற்க மறுத்தார்கள். இழப்பீட்டுத் தொகையைக் காட்டியபோது, முதலில் என்ன ஆனது என்று சொல்லுங்கள் என்றார்கள். பதில் கிடைக்காமலே அவர்களுள் பலர் இறந்தும் போனார்கள். 2021-இல் ஜெனீவாவில் மனித உரிமைப் பேரவை நிறைவேற்றிய தீர்மானம் சாட்சியங்களைத் திரட்டிப் பாதுகாக்க ஒரு பொறிமுறையை உருவாக்கியதே, அதை நாம் இங்கே நம் வெற்றியாகக் கொண்டாடினோமே, அங்கே திரட்டி வைக்க ஏதாவது இருக்கிறது என்றால், அதில் பெரும்பங்கு இந்தப் பெண்கள் நினைவிலும் பிளாஸ்டிக் உறையிலும் காத்து வைத்ததுதான்.

இது 2009-க்குப் பிறகு முளைத்த வழக்கமும் இல்லை. 1984-இல், நூற்றுக்கணக்கான இளைஞர்கள் கைது செய்யப்பட்டபோது, யாழ்ப்பாணத்தில் அன்னையர் முன்னணி உருவாகிக் மாவட்டச் செயலகமான கச்சேரிக்கு ஊர்வலமாகச் சென்று, மாவட்ட நிர்வாகத் தலைவரான அரசாங்க அதிபரிடம் பதில் கேட்டது. தென்னிலங்கையில் சிங்கள இடதுசாரிக் கட்சியான ஜே.வி.பி.யின் கிளர்ச்சி ஒடுக்கப்பட்ட பின்னர், 1990-இல் சிங்களத் தாய்மார்கள் அதே பெயரில் திரண்டார்கள். 2002 திசம்பரில் ஓஸ்லோவில் நடந்த பேச்சுவார்த்தையில் பெண்கள் விவகாரத்துக்கான துணைக்குழு ஒன்றை அமைக்க அரசும் விடுதலைப் புலிகளும் ஒப்புக்கொண்டார்கள். தரப்புக்கு ஐவராகப் பத்துப் பெண்கள். அரசு அனுப்பிய ஐவரில் முஸ்லிம் பெண்களும் இருந்தார்கள். நோர்வேயின் அஸ்ட்ரிட் ஹைபெர்க் ஒருங்கிணைக்க, 2003 மார்ச்சில் கிளிநொச்சியில் அவர்கள் கூடினார்கள். மீள்குடியேற்றம், பாதுகாப்பு, வாழ்வாதாரம், அரசியல் பிரதிநிதித்துவம் ஆகியவற்றைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். அடுத்த மாதமே புலிகள் பேச்சுவார்த்தையிலிருந்து விலகிக்கொள்ள, அந்தக் குழுவும் அதோடு நின்றுபோனது. சமாதான காலத்தைப் பற்றி ஒவ்வொரு சுற்றுப் பேச்சையும் ஒவ்வொரு நகரத்தையும் தேதியோடு ஒப்பிக்கத் தெரிந்த உங்களில் எத்தனை பேருக்கு இந்தக் குழுவைப் பற்றித் தெரியும்? பேச்சுவார்த்தை முறிந்ததற்கு நாம் நூறு காரணம் சொல்கிறோம். இரு தரப்புப் பெண்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து, ஆயுதத்தையும் எல்லையையும் தாண்டி, வீடு திரும்புகிறவருக்குக் கிணறு இருக்கிறதா, வழியில் காவலரண் இருக்கிறதா என்று பேசக் கிடைத்த ஒரே வாய்ப்பும் அப்போது போனது என்பதை நாம் கணக்கில் எழுதுவதில்லை.

ஐ.நா. பாதுகாப்பு அவை 2000 அக்டோபர் 31 அன்று ஒருமனதாக நிறைவேற்றிய 1325-ஆம் தீர்மானம், பேச்சுவார்த்தையிலும் அதன் பின்னான அமைப்புகளிலும் பெண்களுக்கு முடிவெடுக்கும் இடம் வேண்டும் என்கிறது. போர்க்காலப் பாலியல் வன்முறையிலிருந்து பாதுகாப்பையும், மீள்குடியேற்றத்தில் பெண்களின் தேவைக்கு இடத்தையும் அது கேட்கிறது. அதைச் செயல்படுத்த நேபாளம் 2011-இலேயே தேசியச் செயல்திட்டம் வகுத்தது. வங்கதேசம் 2019-இல் வகுத்தது. நாம் நாள்தோறும் குற்றம் சாட்டுகிற இலங்கை அரசு கூட 2023-இல், ஏட்டளவிலாவது, ஒன்றை அறிவித்துவிட்டது. இந்தியா இதுவரை வகுக்கவில்லை. 2007-இல் லைபீரியாவுக்கு முழுக்க முழுக்கப் பெண்களைக் கொண்ட காவல் பிரிவை உலகிலேயே முதல்முறையாக அனுப்பி வைத்து நற்பெயர் வாங்கிய நாடு இது. ஆனாலும் மணிப்பூரிலும் காஷ்மீரிலும் உள்ள பெண்கள் இதே கேள்வியைக் கேட்பார்களே என்ற தயக்கம் தில்லிக்கு இருக்கலாம். அப்படிப்பட்ட தயக்கம் இருந்தால், அதைக் கேள்வி கேட்க வேண்டிய இடம் நம் மேடைகள். நீங்கள் நினைத்தால் நடக்கும்: 2013 மார்ச்சில் இலயோலா கல்லூரி மாணவர்கள் தொடங்கி வைத்த உண்ணாநிலை தமிழ்நாடு முழுவதும் பரவி, அந்த மாதம் முடிவதற்குள் சட்டமன்றம் பொதுவாக்கெடுப்பு கேட்டுத் தீர்மானம் போட்டது.

இனி எழுதுவது உங்களில் சிலருக்குக் கசக்கும்.

1990 மார்ச்சில், இலங்கைக்குச் சென்றிருந்த இந்திய அமைதிப்படை திரும்பிச் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கியபோது அன்றைய முதலமைச்சர் கலைஞர் வரவேற்கப் போகவில்லை என்பதை நாம் இன்றும் பெருமையோடு சொல்கிறோம். சொல்லவேண்டியதுதான். ஆனால் அந்தப் படையின் கைகளில் யாழ்ப்பாணத்துப் பெண்களுக்கு நேர்ந்தவற்றுக்கு இந்தியாவில் ஒரு விசாரணை நடந்ததா என்று அதே மேடையில் கேட்கிறோமா? அந்தப் பெண்களிடம் போய் உட்கார்ந்து கேட்டு எழுதியவர் ராஜினி திராணகம. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியல் பேராசிரியர்; மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர் அமைப்பைத் தொடங்கியவர்களுள் ஒருவர். இலங்கை இராணுவத்தையும் இந்தியப் படையையும் தமிழ் இயக்கங்களையும் ஒரே அளவுகோலால் அளந்தவர். 1989 செப்டம்பர் 21 அன்று பல்கலைக்கழகத்திலிருந்து மிதிவண்டியில் வீடு திரும்பும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதைச் செய்தவர்கள் புலிகள் என்றே அவருடன் பணியாற்றியவர்கள் சொல்லி வருகிறார்கள். அவர் பெயரை நம் மேடையில் உச்சரிக்க முடியாது என்றால், இந்தியப் படை செய்ததற்கான சாட்சியத்தையும் சேர்த்துத்தான் நாம் புதைக்கிறோம். 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து சில மணி நேர, சில நாள் அவகாசத்தில் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களைப் பற்றிய மௌனமும் இந்த வகையைச் சேர்ந்ததுதான். புத்தளத்து அகதிக் குடிசைகளில் பிள்ளைகளை வளர்த்த அந்தத் தாய்மாருக்கும் தமிழ்தான் தாய்மொழி.

அங்கே களத்தில் வேலை செய்கிற பெண்கள் இந்த மௌனத்தை எப்போதோ கடந்துவிட்டார்கள். மட்டக்களப்பில் சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம் தமிழ்ப் பெண்களையும் முஸ்லிம் பெண்களையும் ஒரே கூரையின் கீழ் உட்கார வைத்து நீண்ட காலமாக வேலை செய்கிறது. 2010 சனவரியில் கணவர், பத்திரிகையாளர் பிரகீத், காணாமல் ஆக்கப்பட்ட நாள் முதல் நீதிமன்றப் படியேறிவரும் சந்தியா எக்னெலிகொட, ஒரு சிங்களப் பெண், வடக்கின் தாய்மார்களோடு வந்து நின்றிருக்கிறார். தமிழ்த் தாயும் சிங்கள மனைவியும் ஒரே கேள்வியை ஒரே அரசிடம் கேட்கிறபோது கொழும்புக்கு வருகிற சங்கடம், நாம் இங்கே கொடும்பாவி கொளுத்தும்போது வருவதில்லை என்பது என் எண்ணம்.

இன்னொன்று, வழக்கறிஞர் என்ற முறையில் எனக்கு மிக நெருக்கமான விஷயம். வடக்கின் தமிழர்களுக்குப் பொருந்தும் தேசவழமைச் சட்டத்தில், மணமான பெண் தன் அசையாச் சொத்தை, அது அவருக்குச் சீதனமாகவே வந்த காணியாக இருந்தாலும், கணவரின் எழுத்துமூலமான ஒப்புதல் இல்லாமல் விற்கவோ ஈடு வைக்கவோ இயலாது. கணவர் வட்டுவாகலில் ஒப்படைக்கப்பட்டுத் திரும்பி வரவில்லை. இறந்தார் என்ற சான்றிதழை வாங்க மனைவிக்கு மனம் வரவில்லை. வாங்கினால் தேடுவதை நிறுத்தியதாக ஆகிவிடும் என்ற அச்சம். ஒப்புதல் தர ஆளில்லை. மாவட்ட நீதிமன்றத்தை நாடி அனுமதி பெற வழி இருக்கிறது. அதற்குச் சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணம் வேண்டும், பயணத்துக்குப் பணம் வேண்டும், கோழி வளர்த்தும் கச்சான் (வேர்க்கடலை) விற்றும் பிழைக்கிறவரிடம் அது எங்கே இருக்கும்? காணி கைவசம் இருந்தும் வங்கியில் கடன் பெற முடியாமல், வாராவாரம் வீட்டு வாசலுக்கு வந்து வசூலிக்கிற நுண்கடன் நிறுவனங்களிடம் இத்தகைய பெண்கள் சிக்குகிறார்கள். மரணச் சான்றிதழுக்குப் பதிலாகக் காணவில்லை என்பதற்கான சான்றிதழ் தரும் சட்டம் 2016-இல் வந்தது. அதைப் பெறுவதற்குக் கூட ஊரில் துணை நிற்க ஆள் வேண்டியிருக்கிறது.

இந்தத் தடையைச் சிங்கள அரசு புதிதாகக் கொண்டுவந்து திணிக்கவில்லை. நம் வழக்கம், நம் பெயரிலேயே சட்டமாகி நிற்கிறது. அதனால்தான் நம் துண்டறிக்கைகளில் அது இடம்பெறுவதில்லை என்று நினைக்கிறேன். ஆனால் 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் பெண்ணுக்கு ஆணுக்குச் சமமான சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்ட மரபு நம்முடையது. 1989-இல், நடுவண் அரசுக்குப் பதினாறு ஆண்டுகள் முன்னதாக, மகளுக்கும் குடும்பச் சொத்தில் சம பங்கு கொடுத்தது இந்த மாநிலம். அந்த மரபைப் பேசியே வாக்குக் கேட்கிற தலைவர்கள், யாழ்ப்பாணத்துப் பெண்கள் அமைப்புகள் தேசவழமையைத் திருத்தக் கேட்கும்போது மட்டும் 'முதலில் விடுதலை, மற்றவை பிறகு' என்று சொல்லக் கூடாது. பிறகு என்ற அந்தச் சொல்லுக்காகக் காத்திருந்தே ஒரு தலைமுறைப் பெண்கள் கிழவிகளாகிவிட்டார்கள்.

கடல் தாண்டிப் போக வேண்டாம். புழலிலும் கும்மிடிப்பூண்டியிலும் முகாம்கள் இருக்கின்றன. 2021-இல் அகதி முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று அரசு மாற்றியது. ₹317 கோடிக்கு மேற்பட்ட திட்டங்களை அறிவித்தது. புதிய வீடுகளும் எழுந்தன. அதற்கு உங்கள் அழுத்தமும் காரணம். இப்போது அந்த வீட்டுக்குள் இருக்கும் ஒரு பெண்ணைப் பாருங்கள். நகைக்கடைப் பை ஒன்றில் எல்லாக் காகிதங்களையும் வைத்திருக்கிறார்: முகாம் அடையாள அட்டை, காணாமல் போன அண்ணனைப் பற்றிச் செஞ்சிலுவைச் சங்கத்தில் பதிந்த துண்டுச்சீட்டு, மடித்து மடித்து நைந்துபோன திருமணப் பதிவுச் சான்று, பொன்னேரி அரசு மருத்துவமனையில் 2007-இல் பிறந்த மகளின் பிறப்புச் சான்றிதழ். பத்து வயதில் படகில் வந்தவர். திருவள்ளூர் மாவட்டத்துக்காரரை மணந்தவர். மகளின் தந்தை இந்தியக் குடிமகன், பிறந்த இடம் தமிழ்நாடு. இருந்தாலும் மகள் இந்தியக் குடிமகள் இல்லை. 2004 திசம்பர் 3-க்குப் பிறகு பிறந்த குழந்தைக்குப் பெற்றோரில் ஒருவர் குடிமகனாக இருந்தால் போதாது. மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாகவும் இருக்கக் கூடாது என்கிறது குடியுரிமைச் சட்டம். கடவுச்சீட்டு இல்லாமல் உயிர் தப்பி வந்த சிறுமியைச் சட்டம் அந்தப் பெயரால்தான் அழைக்கிறது. தாயின் அகதி நிலை மகளுக்குச் சீதனமாகப் போய்ச் சேர்கிறது.

2015 சனவரி 9-க்கு முன்பு வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்கள் மீது உரிய ஆவணம் இல்லாத காரணத்துக்காகத் தண்டனை நடவடிக்கை எடுக்கப்படாது என்று நடுவண் அரசு 2025-இல் விலக்கு அளித்தது. அது நிம்மதி தரும் செய்திதான். ஆனால் தண்டனை இல்லை என்பது குடியுரிமை ஆகிவிடாது. 2019-ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கை சேர்க்கப்படவில்லை என்று நாம் எல்லோரும் பேசினோம். 2004-க்குப் பின் பிறந்த இந்தப் பிள்ளைகளைப் பற்றி, குறிப்பாகத் தாய் வழியே வந்த இந்தத் தடையைப் பற்றி, தனியாக ஒரு கோரிக்கை வைக்கலாம். நாடாளுமன்றத்தில் உங்கள் கட்சிகளுக்கு உறுப்பினர்கள் இருக்கிறார்கள். ஒரு தனிநபர் மசோதாவை அவர்களே கொண்டுவர முயலலாம். முகாமில் மாதந்தோறும் கொடுக்கும் பணக்கொடையில் குடும்பத் தலைவருக்கு ஒரு தொகை, மற்றவர்களுக்கு அதைவிடக் குறைந்த தொகை என்ற கணக்கையும், கணவன் அடித்தால் அந்தப் பெண் முகாமைவிட்டு எங்கே போய்த் தங்குவது, முகாமில் ஆள் கணக்கெடுக்கும் தணிக்கை நாளில் இல்லாவிட்டால் பதிவு என்னவாகும் என்ற கேள்வியையும் அங்குள்ள பெண்களிடமே கேளுங்கள். என்னைவிடத் தெளிவாகச் சொல்வார்கள்.

கேட்கும் முறையிலும் கவனம் வேண்டும். வடக்கிலும் கிழக்கிலும் இருக்கிற பெண் ஒருவர் சென்னை மேடையில் இணையவழியே பேசினால், மறுநாள் அவர் வீட்டுக்குப் புலனாய்வுத் துறையினர் வரக்கூடும். நாம் அடுத்த கூட்டத்துக்குத் தயாராகும்போது அவர் விசாரணைக்குப் போவார். ஆகவே பெயரைப் போடலாமா, முகத்தைக் காட்டலாமா, எதைப் பேச விரும்புகிறார், எதைப் பேச விரும்பவில்லை என்பதை அவரே முடிவு செய்யட்டும். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். இறந்த பெண்களின் சிதைக்கப்பட்ட உடல் படங்களைப் பிளக்ஸ் பலகையில் பெரிதாக்கிச் சாலை முனையில் நிறுத்துவதை இன்றே விட்டுவிடுங்கள். அந்தப் படங்கள் சான்றுகள். அவற்றுக்கு உரிய இடம் விசாரணைக் கோப்பு. கொன்றவர்கள் அவமானப்படுத்துவதற்காக எடுத்த படத்தை நாம் நீதிக்காகத்தான் காட்டுகிறோம் என்றாலும், அந்தப் பெண்ணின் தங்கைக்கு அந்த வித்தியாசம் தெரியப் போவதில்லை.

ஆகஸ்ட் 30 காணாமல் ஆக்கப்பட்டோர் நாள். வழக்கம்போல் உங்களில் பலர் அன்றைக்கு ஏதாவது நிகழ்ச்சி வைப்பீர்கள். பேச்சாளர் பட்டியலை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னால், கிளிநொச்சி, வவுனியா, முல்லைத்தீவில் உள்ள உறவினர் சங்கங்களிடமும், புழல், கும்மிடிப்பூண்டி முகாம்களின் மகளிர் குழுக்களிடமும், அன்று எந்தக் கோரிக்கையைத் தீர்மானமாக நிறைவேற்ற வேண்டும் என்று கேட்டுவிடுங்கள். அவர்கள் சொல்வதை அவர்கள் சொன்னபடியே, நமக்குப் பிடிக்காத வரியையும் சேர்த்து, தீர்மானத்தில் எழுதுங்கள். முதல் உரையை, கூட்டம் நிறைந்திருக்கும் அந்த ஏழு மணி உரையை, அவர்களில் ஒருவருக்குக் கொடுங்கள். நன்றியுரையை மாநிலப் பொறுப்பாளர் சொல்லட்டும். குடியுரிமைச் சட்டம் குறித்தும் தேசவழமை குறித்தும் தீர்மான வரைவு எழுத ஆள் வேண்டுமென்றால், உயர் நீதிமன்றத்தில் என்னைப் போல் பலர் இருக்கிறோம்; கட்டணம் கேட்க மாட்டோம்.

இப்படிக்கு,
உங்கள் கூட்டங்களுக்குத் தொடர்ந்து வரும் ஒரு பெண் வழக்கறிஞர்,
சென்னை